மாடல் சொன்ன இடத்தில் மேடை

மேல்வானத்தை மனிதன் வென்ற வரலாறு என்றாவது பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டால், அதன் முதல் அத்தியாயம் காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியில்தான் தொடங்க வேண்டும். அங்கே ஏரிக்கரையை ஒட்டி ‘மேல்வளிமண்டல முன்கணிப்பு நிலையம்’ இருந்தது. மழை வருமா என்று கேட்டு வந்த விவசாயிகளை அது ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. மழையெல்லாம் கீழ்வானச் சமாசாரம். நிலையம் கவனித்தது முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் திரியும் எலெக்ட்ரான்களை மட்டுமே.

வேலை எளிது. ஏ.சி. அறையில் உள்ள கணினி மாடல், இன்றைக்கு மேலே இத்தனை எலெக்ட்ரான் இருக்கும் என்று கணித்துச் சொல்லும். மொட்டைமாடிக் கருவி, இத்தனை இருக்கிறது என்று அளந்து சொல்லும். எதை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்து, இரண்டுக்கும் எடை போட்டுக் கலந்தால் உண்மைக்குப் பக்கத்தில் போய்விடலாம். இதற்குத் ‘தரவு உள்வாங்கல்’ என்று பெயர். உலகத்து விஞ்ஞானிகள், பாவம், எதில் பிழை அதிகம் என்று பார்த்து எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் ஹயக்ரீவன் அதைவிடச் சுலபமான முறையைக் கண்டுபிடித்தார். ஆளின் பதவியைப் பார்த்து எடை போட்டார்.

மாடல் அவருடையது. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. மாடியில் அளவெடுப்பவன் தினக்கூலி யேசுதாஸ். ஆகவே ஒன்று. அந்த ஒன்றும் பெருந்தன்மையில் கொடுத்தது.

“பாரு யேசுதாஸ், மாடல்ங்கறது பாவு, நெடுக்கு நூல். உன் அளவு ஊடை, குறுக்கு நூல். ரெண்டும் சேர்ந்தாத்தான் பட்டு” என்று ஒருமுறை விளக்கினார்.

யேசுதாஸின் மனைவி மேரி தறியில் உட்காருகிறவள். அவனுக்கு இது நன்றாகவே புரிந்தது. “நூத்துல ஒரு பங்கு ஊடை போட்டா அது பட்டு இல்ல சார், கொசுவலை” என்றான்.

அன்றைக்கே ஒரு சுற்றறிக்கை வந்தது. மாடலோடு ஒத்துப்போகாத அளவு ‘ஒழுங்கீன அளவு’ எனப்படும். ஒரே மாதத்தில் பத்து ஒழுங்கீனம் சேர்ந்தால், எடுத்தவரின் பணி நிரந்தரக் கோப்பு மூடப்படும். ஏழு வருஷமாக வெயிலில் காய்ந்த யேசுதாஸுக்கு அந்தக் கோப்பு ஒன்றுதான் ஆசை. 2003 அக்டோபர் 28 வரை அவன் கணக்கில் ஒன்பது ஒழுங்கீனங்கள் இருந்தன.

மறுநாள் டெல்லியிலிருந்து ரங்கநாத் என்ற உயர் அதிகாரி வந்தார். நிலையத்துக்குத் ‘துல்லியச் சான்றிதழ்’ வழங்குவது, பிறகு யேசுதாஸின் கோப்பில் கையெழுத்திடுவது என்று நிகழ்ச்சி நிரல். விருந்தினர் காலையில் காஞ்சி வரதரைச் சேவித்து, நான்கு புடவை எடுத்து, கோயில் இட்லியும் சாப்பிட்டுப் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தபோது, மாடியில் கருவி எகிறத் தொடங்கியது. சூரியனிலிருந்து கிளம்பிய புயல் ஒன்று மேல்வானத்தைத் தாக்கியிருந்தது. அதற்கு நிகழ்ச்சி நிரல் அனுப்பப்படவில்லை.

மாடல் எழுபது என்றது. கருவி நூற்றுத்தொண்ணூறு என்றது.

“அண்ணா, பேசாம எழுபதுன்னே எழுதிடுங்க. இன்னிக்கு ஒருநாள்தானே?” என்றாள் உதவி விஞ்ஞானி ஸுபத்ரா. அவளுக்கு அவன்மேல் உண்மையான அக்கறை.

யேசுதாஸ் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கோப்பு கண்ணுக்குள் நின்றது. கை மட்டும் நூற்றுத்தொண்ணூறு என்று எழுதியது. “கண்ணால பார்த்துக்கினே இல்லன்னு எப்படிம்மா எழுதறது” என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினான்.

“சார், மேல கன்னாபின்னான்னு ஏறிக்கினு இருக்குது. நூத்தித்தொண்ணூறு காட்டுது.”

“மாடல் என்ன சொல்றது?”

“எழுபது சார்.”

“ரெண்டையும் அதனதன் எடையில கலந்தா எழுபத்தொண்ணு. பாத்தியா, ஒரு சண்டையும் இல்ல. மாடிக்குப் போ.”

பதினொன்றரைக்குச் செயல்முறை விளக்கம். செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். கருவிக்கு மேல்வானம்தான் எதிரி. எலெக்ட்ரான் கூடினால் சமிக்ஞை தாமதமாகும், இடம் தப்பும். நிலையத்தின் மாடல் அதைத் திருத்திவிடும் என்பது பெருமை. முற்றத்து மேடைக்கு அடியில் தரையில் பதித்த ஜி.பி.எஸ். கருவியின் திரை உயிர்பெற்றது. மேடை, அது போடப்பட்ட இடத்திலிருந்து முப்பது தப்படி கிழக்கே, ஏரிக்குள் இருப்பதாகக் காட்டியது.

“ஏதாவது கோளாறா?” என்றார் ரங்கநாத்.

“ஆமாம். மேடையைத் தப்பான இடத்துல போட்டிருக்கா” என்றார் ஹயக்ரீவன்.

அறிவியல் துணிவு என்றால் அதுதான். பத்தே நிமிஷத்தில் மேடை, நாற்காலி, குத்துவிளக்கு எல்லாம் ஏரிக்குள் இறங்கின. பட்டு வேட்டியோடு இயக்குநர் முழங்கால் தண்ணீரில் நின்று ‘மேல்வானமும் நாமும்’ என்ற தலைப்பில் பேசினார். சேறு பிடித்து இழுத்ததில் உரை போகப்போக இடுப்பளவுக்கு ஆழமானது. விருந்தினரின் ஒரு செருப்பு சான்றிதழோடு மிதந்து போயிற்று.

ஸுபத்ராவால் பொறுக்க முடியவில்லை. கணினியில் எடையைத் தலைகீழாக மாற்றினாள். மாடலுக்கு ஒன்று, யேசுதாஸுக்குத் தொண்ணூற்றொன்பது. திரையில் மேடை இருக்க வேண்டிய இடம் சட்டென்று பழையபடி தரைக்கு வந்தது.

“பிரமாதம். இந்த அளவை எடுத்தது யாரு?” என்று தண்ணீருக்குள்ளிருந்து கேட்டார் ரங்கநாத்.

“நிலையம்” என்றார் ஹயக்ரீவன்.

நிலையத்தையும் விருந்தினரையும் யேசுதாஸ்தான் கயிறு போட்டு வெளியே இழுத்தான். கோப்பு தண்ணீரில் ஊறிவிட்டதால் கையெழுத்து ஒத்திவைக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து அவனுக்குக் கடிதம் வந்தது. ஸுபத்ரா படித்துக் காட்டினாள்.

“29ஆம் தேதி பதினொன்றேமுக்கால் மணிக்கு மாடலின்படி, மேடையைப் போலவே நிலையக் கட்டடமும், ஆகவே அதன் மொட்டைமாடியும், ஏரிக்குள் இருந்தன. அந்நேரம் ஏரிக்குள் இருந்தவர் இயக்குநர். சாட்சி: விருந்தினர். எனவே புகழ்பெற்ற அந்த அளவை எடுத்தவர் இயக்குநரே. பத்தாவது ஒழுங்கீனம் உம்மீது சுமத்தப்படவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். ஆனால் நீர் அன்று ஏரிக்குள் இருந்த உமது பணியிடத்தில் இல்லை. ஆகவே உமது ஏழு வருஷப் பணித்தொடர்ச்சி முறிந்தது. இனி முதல் நாளிலிருந்து எண்ணப்படும்.”

யேசுதாஸ் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“மொட்டைமாடி இன்னிக்கு எங்க இருக்குதுன்னு மாடலைக் கேட்டுச் சொல்லும்மா. வேலைக்குப் போவணும்.”

ஹயக்ரீவனுக்கு விருது கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓர் எலெக்ட்ரான் கூடினாலும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் அந்த மகத்தான நிலையம், தன் தலைக்கு மேலேயே மாடியில் ஏழு வருஷமாக நின்ற ஆளை ஒருநாள்கூடக் கணக்கில் சேர்த்ததில்லை.