அந்த அலறலின் பூர்வீகம்

அரைகுறையாகத் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அறிவாளி. மைக்கைப் பிடித்தால் போச்சு. இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக உண்டு.

இருபத்தைந்து வயதில் சதுரங்கப்பட்டினத்துக்காரர் ஒருவர் பாடிய ராப் பாட்டு என்னைப் பிடித்து ஆட்டியது. ராப்பில் பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார்கள். அந்தத் துண்டுகளின் பூர்வீகத்தைத் தேடுவதுதான் எனக்கு முழுநேர வேலை (சம்பளம் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கொடுத்தது). மூன்று மாதத்தில், டிரம்ஸ் ஓர் அமெரிக்க ஃபங்க் தட்டிலிருந்து, பேஸ் கிடார் ஒரு ஜாஸ் தட்டிலிருந்து என்று கண்டுபிடித்துவிட்டேன். மிச்சம் ஒரு டிரம்பெட்டும், நடுவே யாரோ ‘ஆ…ங்!’ என்று அலறுவதும். அது மட்டும் சிக்கவில்லை.

சிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் மாமல்லபுரத்தில் ஒரு காபிக்கடையில் இசைக்கூட்டம் நடத்திவந்த மலர்விழி, “நீங்க வந்து பேசுறீங்களா?” என்று கேட்டுவிட்டாள். அவள் கேட்டால் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குவது பற்றிக்கூடப் பேசியிருப்பேன். அவளிடம் நல்ல பெயர் வாங்கவேண்டும், அவ்வளவுதான் அப்போது என் லட்சியம். கைதட்ட ஆள் வேண்டுமே என்று அக்காவையும் மாமாவையும் செங்கல்பட்டிலிருந்து வரவழைத்திருந்தேன்.

டிரம்ஸ், பேஸ் வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. மலர்விழி குறிப்பெடுத்தாள். (அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை.)

“இந்த டிரம்பெட், அமெரிக்காவுல ஒரு சவ ஊர்வலத்துல வாசிச்சது” என்று அடித்துவிட்டேன். “இந்த அலறல், மனைவியைப் பறிகொடுத்த ஒரு ஜாஸ் கலைஞனோட ஓலம்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்வரிசையில் தொப்பி போட்ட ஒருவர் எழுந்தார். பாட்டைப் பாடியவரே.

“அண்ணாத்த, டிரம்ஸு, பேஸு கரெக்ட்டு. சூப்பரா புடிச்சிக்கினே. ஆனா இது அமெரிக்கா சாவு இல்ல, செங்கல்பட்டு கல்யாணம். எங்க நைனா கல்யாண வீடியோ எடுக்கறவரு. மாப்ள அழைப்புல பேண்டு செட்டு வாசிச்சது. போன்லயே கீது, காட்டவா?”

“காட்டுங்க!” என்றாள் மலர்விழி ஆர்வமாக.

சுவரில் படம் விழுந்தது. பேண்டு செட், பட்டாசு, மாலையோடு மாப்பிள்ளை. அவருக்கு முன்னால் வேட்டியை மடித்துக்கட்டிப் பேயாட்டம் ஆடும் பதினெட்டு வயது ஒல்லிப்பிச்சான். டிரம்பெட் உச்சத்துக்குப் போகிறது. வேட்டி தரைக்குப் போகிறது. “ஆ…ங்!”

(அந்த இடத்தை வெட்டச் சொல்லி அன்றைக்கே வீடியோக்காரரிடம் கெஞ்சியிருந்தேன். வெட்டினார். தூக்கித்தான் போடவில்லை.)

“டேய், இது எங் கல்யாணம்டா!” என்று அக்கா கத்தினாள்.

மாமா எழுந்து நின்று கூட்டத்துக்கு விளக்கம் கொடுத்தார். “பொண்டாட்டிய பறிகுடுத்தவன் இல்லீங்க, வேட்டிய பறிகுடுத்தவன்.”

மலர்விழி சிரித்துச் சிரித்து மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. இரண்டு வருடம் கழித்து அவளே என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் மாப்பிள்ளை அழைப்பில், டிரம்பெட் உச்சத்தைத் தொட்டதும் பேண்டு செட் சட்டென்று நின்றது, சொந்தபந்தம் அத்தனையும் ஒரே குரலில் “ஆ…ங்!” என்றது. நான் கோட்டு சூட்டில், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மேளம் தொடங்குவதற்கு முன் மலர்விழி பக்கத்தில் வந்து, நாலு பேர் பார்க்க, என் பெல்ட்டை ஓர் ஓட்டை இறுக்கிவிட்டுத்தான் போகிறாள்.