பொம்மை ஏன் நடித்தது?

“இடைவேளைக்கு அப்புறம் கதாநாயகிக்குப் பதிலா துணிக்கடை பொம்மை நடிக்குதே, ஏன் சார்?”

இந்தக் கேள்வி வரும் என்று இயக்குநருக்குத் தெரியும். இருபத்தாறு வருடங்களுக்கு முன் நான்கே நாள் ஓடிப் படுத்துக்கொண்ட படம். அதைத் தூசி தட்டிப் போன வாரம் டிஸ்க்காக வெளியிட்டு, இன்று தியேட்டரிலும் போட்டிருந்தார்கள். படம் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள், அந்தப் பொம்மையின் படம் போட்ட பனியனோடு வந்து விசிலடித்தார்கள். முதல் வரிசையில் ஒரு தயாரிப்பாளர். இன்றைய பேச்சு நன்றாக அமைந்தால் புதுப்படம் தருவதாகச் சொல்லியிருந்தார். துவைக்கும் பவுடருக்கு விளம்பரம் எடுத்தே தலை நரைத்த மனிதருக்கு இனி இன்னொரு வாய்ப்பு வராது.

உண்மையைச் சொல்லலாம்தான். இயக்குநர் அவசர அவசரமாகப் போடவைத்த பலகை மேடை ஒடிந்து, கதாநாயகி விழுந்து கால் முறிந்தது. படப்பிடிப்பு நின்றுவிடுமே என்று அவளுடைய உடுப்பை ஒரு பொம்மைக்கு மாட்டிவிட்டு இவர் மிச்சப் படத்தை முடித்தார். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதையெல்லாம் மைக் பிடித்துச் சொல்ல முடியுமா?

“பெண்ணை இந்தச் சமூகம் பொம்மையாத்தான் பாக்குது. அதைத்தான் சொன்னேன்” என்றார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அத்தோடு வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பார். கைதட்டல் கேட்டுப் பல வருடமான காது, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றது.

கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்து, அந்த நடிகையையே பொம்மை மாதிரி நடிக்க வைத்திருக்கலாமே என்றாள். அந்த அளவுக்கெல்லாம் அவளுக்கு நடிப்பு வராது என்று சொல்லி இயக்குநர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், அந்த நடிகைக்குக் கால் முறிந்ததாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

இயக்குநர் மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

“காலாவது, முறியறதாவது! திமிர் பிடிச்சுப் பாதியில விட்டுட்டுப் போயிட்டா. நான் வீடு தேடிப் போய்க் கெஞ்சினேன். கதவைக்கூடத் திறக்கல.”

பனியன் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் உருக்கமாகச் சொல்ல வேண்டுமோ என்று நினைத்து, அவளால்தான் தன் வாழ்க்கையே நாசமானது என்று தழுதழுத்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். தயாரிப்பாளர் எழுந்து, மேடைப் பக்கம் திரும்பாமல் வெளியே நடந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

கீழே இறங்கிய இயக்குநரிடம் மைக்கை வாங்கிக்கொள்ளத் தியேட்டர் ஊழியப் பெண் வந்தாள்.

“என்னம்மா இது, கடைசியில ஒருத்தர்கூடக் கை தட்டல?”

அவள் ஒயரைச் சுருட்டியபடியே சொன்னாள்: “டிஸ்க்ல படத்தோட சேர்த்துப் போட்ட பேட்டியில அந்த நடிகையம்மா பேசினதை இங்க எல்லாரும் கேட்டுட்டுத்தான் சார் வந்தாங்க, ‘நான்தான் பார்க்காம கால் வச்சு விழுந்தேன், பாவம் அவர், தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பார்த்துக்கிட்டார்’னு சொல்லியிருந்தாங்க.”