ஆள் கிடைக்கிற வரைக்கும்

மனித குலத்தின் தலைவிதியை மாற்றிய முடிவுகளெல்லாம் அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் எடுக்கப்பட்டவை என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள், விஸ்கான்சினில் நாரை ஏரிப் பக்கம் இருக்கும் தூய மத்தேயு லுத்தரன் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வாய்க் காப்பிகூடக் குடித்ததில்லை என்று அர்த்தம். திருச்சபை முழுவதையும் சீர்திருத்த அன்றைக்கு ஜெர்மனியில் ஒரே ஒரு ஆள் போதுமானவராக இருந்தார். இந்தச் சபையின் புல்வெட்டி டிராக்டரைச் சீர்திருத்த ஒரு கமிட்டியும், ஒரு துணைக் கமிட்டியும், ஒரு முழுக் கோடைகாலமும் தேவைப்பட்டன. காரியம் அவ்வளவு கனமானது.

ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி அது. வயிற்றுக்கடியில் கத்தி சுழலும். ஆலயத்தைச் சுற்றியுள்ள புல்வெளியையும் பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டத்தையும் சனிக்கிழமைதோறும் மழித்து வந்தது. அதன் முகப்பில் ஒரு பித்தளைத் தகடு: ‘ஹெர்ப் கிரெய்மர் நினைவாக’. ஹெர்ப் அதற்கு முன்பு அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவர். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்ததும் சபையார் காணிக்கை போட்டு வாங்கிய வண்டி இது. ஆகவே இது வெறும் வண்டியல்ல, ‘நினைவுச் சின்னம்’. நினைவுச் சின்னம் என்பதால் ஒருவரும் அதற்கு எண்ணெய் மாற்றவில்லை.

அதை ஓட்டியவர் டெல்மர் சாஸ்ட்ரோ. காகித ஆலையில் மாடாய் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு அலுமினியப் படகு வாங்கினார். அதே வாரம், கமிட்டித் தலைவர் கென் வாண்ட்கே ஆலய வாசலில் அவர் தோளில் கை போட்டார். "ஹெர்ப் போனதுலேருந்து புல் மண்டிக் கிடக்குப்பா. ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ கொஞ்சம் பாத்துக்கறியா?"

"ஆள் கிடைக்கிற வரைக்கும்தானே? அதுக்கென்ன," என்றார் டெல்மர். அப்போது அவர் தலைமுடி கறுப்பாக இருந்தது.

அந்த ஊரில் ஏரியின் பனிக்கட்டி உருகிக் கிடக்கும் மாதங்களும் புல் வளரும் மாதங்களும் ஒன்றே. இது இறைவனின் ஏற்பாடு, கமிட்டியைக் குறை சொல்ல முடியாது. படகு வீட்டுக் கொட்டகையில் இழுவண்டி மீது ஏறியபடியே கிடந்தது. இதுநாள்வரை அதில் பயணம் செய்தவை அவர் மனைவி வெர்னாவின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகள்தான்.

வண்டியைக் கிளப்புவது ஒரு தனி வழிபாடு. சாவிக்கு அது மசியாது. முன்மூடியைத் தூக்கி, ஸ்டார்ட்டர் அருகே இரண்டு திருகாணிகளுக்குக் குறுக்கே ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்கவிட வேண்டும். இருக்கைக்கு அடியில் பாதுகாப்புக்காக ஒரு சுவிட்ச் வேறு உண்டு. ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். நின்றால், சூடு ஆறும்வரை ஸ்குரூ டிரைவருக்கும் மசியாது. ஆகவே டெல்மர் ஒரு தடவை உட்கார்ந்தால் கடைசிக் கல்லறை வரைக்கும் எழுந்திருப்பதில்லை. ஒதுங்க வேண்டும் என்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அந்த முகத்தைப் பக்தி என்று நினைத்தார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி, மே மாதம் முதல் சனிக்கிழமை, ஏரியில் மீன்பிடிக்க அனுமதி தொடங்குகிற அன்றைக்கே, கல்லறைத் தோட்டத்து நடுவில் ‘கடக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது. டெல்மர் தொப்பியைக் கழற்றினார். துக்கத்தால் அல்ல. அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அந்த இடத்தில் காட்டுவது அழகல்ல என்பதால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெர்னா பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். "என்ன மனுஷா, மூஞ்சியில பல்பு எரியுது?"

"வண்டி செத்துப்போச்சு வெர்னா."

"நெசமாவா!" அவள் கொட்டகைக்கு ஓடி இழுவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்க ஆரம்பித்தாள். "இதான் சமயம். கமிட்டியில எழுந்து நின்னு ‘எனக்கு முடியலை’ன்னு சொல்லிடு. ரெண்டே வார்த்தை. எங்க, இப்ப சொல்லு பாப்போம்."

"எனக்கு முடியலை."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"எனக்கு முடியலை!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒத்திகை வெற்றி.

கமிட்டி கூடியது. ஜெபத்துக்குப் பிறகு கென் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆரம்பத்திலேயே ஒரு சட்டச் சிக்கலை எழுப்பினார். அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர், சிக்கல் இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சுத் திணறும். "நிகழ்ச்சி நிரல்ல ‘பழைய அலுவல்’, ‘புதிய அலுவல்’னு ரெண்டு இருக்கு. புல்வெட்டிய எதுல சேக்கறது?"

"ரிப்பேர் பண்றதுன்னா பழைய அலுவல்," என்றார் ரோலி ஷ்மெலிங். வீட்டுக் கொட்டகை நிறைய செத்த எஞ்சின்களை வைத்துக்கொண்டு உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருப்பவர்.

"புதுசு வாங்கறதுன்னா புதிய அலுவல்," என்றார் கென்.

"அப்ப மொதல்ல எதுன்னு முடிவு பண்ணணும்."

"முடிவு பண்ணணும்னா மொதல்ல நிரல்ல சேக்கணும்."

இந்த ஆழத்தைக் கடப்பதற்குள் முதல் காப்பி காலியாயிற்று.

"செலவு புது வண்டி விலையில பாதியத் தாண்டினா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு. இது உலக நியதி," என்றார் கென்.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்குய்யா. கியர்ப் பெட்டி மட்டும்தான் போயிருக்கு. எங்கிட்ட இதே மாடல் ஒண்ணு கெடக்கு, கழட்டி மாட்டிரலாம். மனுஷன் செஞ்சத மனுஷன் சரி பண்ண முடியாதா?" என்றார் ரோலி.

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் மௌனமானார்கள். காப்பிக் கூஜாவுடன் வந்து நின்றவர் ஆர்டிஸ் கிரெய்மர், ஹெர்பின் மனைவி. தகட்டில் இருக்கும் பெயரைத் தூக்கிப் போடுவதைப் பற்றி அந்தப் பெயரின் விதவை முன்னால் எப்படிப் பேசுவது?

"ஆர்டிஸம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் கென், செத்த வீட்டில் பேசும் குரலில்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அத செய்யுங்க," என்று ஆர்டிஸ் காப்பியை ஊற்றினார்.

அவர் போனதும் ரோலி பெருமூச்சு விட்டார். "பாத்தியா? மனசு ஒடஞ்சு போயிட்டாங்க."

டெல்மர் எழுந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், அன்பாகப் பார்த்தார்கள். அந்த ஊரில் ஒரு மனிதனுடைய எலும்பை முறிக்க அதுவே போதும். "நான் வந்து... ஊர்ல புல் வெட்டற கம்பெனி ஒண்ணு இருக்குல்ல... அப்படியும் ஒரு... இல்ல, எனக்கு எப்படின்னாலும் சரிதான்."

‘எப்படின்னாலும் சரிதான்’ என்பது விஸ்கான்சினில் ஒரு மனிதன் எழுப்பக்கூடிய உச்சபட்சக் கூக்குரல். ஆனால் எல்லோரும் எப்போதும் அதையே எழுப்பிக்கொண்டிருப்பதால் யார் காதிலும் விழுவதில்லை. டெல்மர் ‘முழு மனதோடு ஒத்துழைக்கிறார்’ என்று பதிவாயிற்று. ரோலி பழுது பார்ப்பதென்றும், அதே சமயம் புதிது வாங்குவதை ஆராயத் துணைக் கமிட்டி ஒன்றைக் கென் தலைமையில் அமைப்பதென்றும் தீர்மானம் நிறைவேறியது.

"சொன்னியா?" என்றாள் வெர்னா வாசலிலேயே.

"கிட்டத்தட்ட."

அவள் இழுவண்டிச் சக்கரத்தில் ஓர் உதை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

வண்டிக்கு ஓய்வு கிடைத்தது, புல்லுக்குக் கிடைக்கவில்லை. ரோலியின் கொட்டகையில் வண்டி கால் நீட்டிப் படுத்திருக்க, டெல்மர் தன் வீட்டுத் தள்ளுவெட்டியைக் கொண்டுவந்து அத்தனை புல்வெளியையும் நடந்தே தள்ளினார். யாரும் அவரைத் தள்ளச் சொல்லவில்லை. தள்ளாமல் இருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டார்கள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஜூன் வெயிலில் ஒருநாள் அவர் ஹெர்பின் கல்லறைக் கல்லைச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தபோது ஆர்டிஸ் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தார். இருவருக்குமான கல் அது. ஒரு பக்கம் ஹெர்பின் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். மறுபக்கம் ஆர்டிஸின் பெயர், பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, அதற்கப்புறம் மழமழவென்று வெற்றிடம்.

"சேத்து வெட்டினா மலிவுன்னான் கல்லுக்காரன்," என்றார் ஆர்டிஸ், டெல்மரின் பார்வையைக் கவனித்து. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லவா டெல்மர்? ஹெர்புக்குப் புல் வெட்டறதுன்னா எட்டிக்காய்."

டெல்மருக்குப் புரையேறியது. "என்னது?"

"ஆள் கிடைக்கிற வரைக்கும்னுதான் ஒத்துக்கிட்டாரு. அரிசோனாவுக்குக் குடி போகணும்னு ஆசை. அங்க புல்லே மொளைக்காதாமே! கடைசியில அவரு போனதும், ஒரு புல்வெட்டிய வாங்கி அவர் பேரையே அதுல அடிச்சு, என் முன்னால நிறுத்திக் கை தட்டினாங்க. ‘இதெல்லாம் எதுக்கு, நீங்க செஞ்சிருக்கவே வேண்டாம்’னேன். நெசமாத்தான் சொன்னேன். மரியாதைக்குச் சொல்றேன்னு நெனச்சுட்டாங்க."

"அப்ப இந்த வண்டிய மாத்தினா உங்களுக்கு வருத்தமில்லையா?"

"வருத்தமா? நானே ஏரியில தள்ளி விட்டிருப்பேன். நீங்கல்லாம் அத உசுரா வெச்சிருக்கீங்களேன்னு வாய மூடிக்கிட்டிருந்தேன்."

"இத கமிட்டியில சொன்னீங்கன்னா..."

"நீங்க சொல்லுங்களேன்."

டெல்மர் மிச்சமிருந்த சாற்றை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு ஆர்டிஸ் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலையில் வண்டி வேறு கியர்ப் பெட்டியோடு திரும்பி வந்தது. அந்தப் பெட்டியின் வேகத்துக்குப் பழைய பெல்ட் தாங்கவில்லை. பெல்ட்டை மாற்றினார் ரோலி. பெல்ட் அறாததால் கத்தித்தட்டு பெயர்ந்தது. தட்டை மாற்றினார். ஆகஸ்டில் ‘கல்லு மாதிரி’ எஞ்சின் கல்லாகவே ஆகிவிட்டது. அதையும் மாற்றினார். ஒவ்வொரு இடைவேளையிலும் டெல்மர் தள்ளினார். இடுப்பு பிடித்துக்கொண்டு, காலையில் காலுறை மாட்ட வெர்னா வர வேண்டியிருந்தது.

"அந்த வண்டியில எல்லாத்தையும் மாத்தியாச்சு," என்றாள் அவள், மண்டியிட்டபடி. "மாத்தாம மிச்சம் இருக்கறது தகடும் நீயும்தான்."

டெல்மர் ஜன்னல் வழியே படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது, காலுறை இறுக்கம் என்று சொல்லிச் சமாளித்தார். அன்றைக்கு அவர் முடிவு செய்தார்: செப்டம்பரில் அறுப்பின் பண்டிகை விருந்தில், சபை முழுவதும் கூடியிருக்கும்போது, எழுந்து சொல்லிவிடுவது. குளிர் வந்து ஏரி உறைவதற்குள் ஒரு மாதமாவது மிஞ்சும்.

பண்டிகை வந்தது. கரியடுப்பில் தொத்திறைச்சி புகைந்துகொண்டிருந்தது. டெல்மர் உருளைக்கிழங்குக் கூட்டைத் தொடாமல் எழுந்து நின்றார். "எல்லாரும் கொஞ்சம்... எனக்கு..."

"உனக்கேதான்யா!" என்று கென் துள்ளி எழுந்தார். "எப்படி மோப்பம் பிடிச்ச? யாருடா உளறினது?"

ரோலி ஒரு பெரிய துணியை இழுத்தார். அடியில் பளபளவென்று புத்தம் புதிய புல்வெட்டி டிராக்டர். பக்கத்திலேயே எல்லா உறுப்பும் மாற்றப்பட்ட பழைய டிராக்டர்.

"ரிப்பேரும் பண்ணியாச்சு, புதுசும் வாங்கியாச்சு," என்று கென் முழங்கினார். "ஒரு புல்வெட்டிக்காகச் சபை பிளவுபடலாமா? ரெண்டு தீர்மானமும் ஜெயிச்சாச்சு. இந்தப் புது வண்டி யாருக்குக் காணிக்கைன்னு பாருங்க."

முகப்பில் பித்தளைத் தகடு. ‘டெல்மர் சாஸ்ட்ரோ’ என்ற பெயர். அதற்குக் கீழே அவர் பிறந்த வருஷம். ஒரு சின்னக் கோடு. அதற்கப்புறம் மழமழவென்று வெற்றிடம்.

"மிச்சத்த அப்புறமா பொறிச்சுக்கலாம், அவசரமில்ல," என்றார் கென் பெருந்தன்மையோடு. "உக்காந்து பாரு. இதுலயும் அதே பாதுகாப்பு சுவிட்ச்தான். நீ எழுந்திரிக்காத வரைக்கும் நிக்கவே நிக்காது."

சபை எழுந்து நின்று கை தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இதெல்லாம் எதுக்கு?" என்றார் டெல்மர். "நீங்க செஞ்சிருக்கவே வேண்டாம்."

"எவ்வளவு பணிவு!" என்றார் ரோலி. கூட்டத்தில் ஆர்டிஸ் மட்டும் கை தட்டவில்லை. அவர் வெர்னாவின் விலாவில் ஓர் இடி இடித்தார்.

வெர்னா முன்னால் வந்து தகட்டின் வெற்றிடத்தில் விரலை வைத்தாள். "கென், எதுக்குக் காலியா விட்டுட்டீங்க? இந்த வருஷத்தையே பொறிச்சிடுங்க."

"வெர்னா, என்ன பேச்சு இது! டெல்மர் உயிரோட இருக்காரே!"

"உங்களுக்கு இல்ல. இன்னையோட அவரு போயிட்டாருன்னு வெச்சுக்குங்க. விதவை நானே சொல்றேன்." அவள் கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். "வா மனுஷா. படகக் கார்ல மாட்டியாச்சு."

டெல்மர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, தம் வாழ்நாளில் முதல்முறையாக, விருந்து முடிவதற்கு முன்பே, யாரிடமும் விடைபெறாமல் நடந்தார்.

அந்தச் சபையின் பண்பை என்னவென்று புகழ்வது! துக்கத்தில் அது இடிந்து உட்கார்ந்துவிடவில்லை. போனவர் வீட்டுக்கு ஆர்டிஸ் கையால் பன்றித்தொடை இறைச்சியும் ரொட்டியும் துக்க வீட்டு முறைப்படி போய்ச் சேர்ந்தன. ஏரியில் இருந்ததால் போனவரே அவற்றைச் சுடச்சுட உண்ண முடியவில்லை. கமிட்டி அன்று சாயங்காலமே கூடி, இரண்டு வண்டிகள் இருந்தும் ஓட்ட ஆளில்லை என்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்தது. எல்லோருடைய கண்களும் அன்பாக, மிக அன்பாக, ரோலி மீது விழுந்தன.

"நானா?" என்றார் ரோலி. "அதுக்கென்ன... ஆள் கிடைக்கிற வரைக்கும்தானே?"

"அவ்வளவேதான்," என்றார் கென். பேனாவைத் திறந்துகொண்டு அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ரோலி, நீ பிறந்தது எந்த வருஷம்?"