மீதி முப்பத்தொன்றில் யார்?

பேய்க்குப் பயப்படுகிறவன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகக் கூடாது. நான் போனேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. மந்தைவெளியில் வைதேகி மாமி நடத்திய திருமணத் தகவல் மையத்தில் ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் உத்தியோகம். பொருத்தம் பார்க்கும் முன்பு இரண்டு பேர் கட்டம் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது மாமியின் சட்டம். அதனால் ஆளுக்கு ஒரு ஃபைல், ஒவ்வொன்றும் ஒரு கேபி. ஆறாயிரம் ஜாதகத்தையும் கூட்டினால் ஆறு எம்பிதான் வரும். ஆனால் டிஸ்கில் கிட்டத்தட்ட இருநூறு எம்பியைக் காணோம்! மாமி கேட்கும்போதெல்லாம் வைரஸ் என்று சமாளிப்பேன். (வைரஸ் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது.)

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமி சாப்பிடப் போயிருந்தாள். அன்று சாயங்காலம் வடபழனியிலிருந்து ஜெயா என்கிற பெண்ணும் அவள் அப்பாவும் பையனைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பையன் நான்தான். ஜெயாவின் ஜாதகத்தை அடித்து முடித்துச் சேமிக்கப் பார்த்தேன். இடமில்லை என்றது கம்ப்யூட்டர். ஆறாயிரம் பேருக்கு இருந்த இடம் எனக்கு வரப்போகிறவளுக்கு மட்டும் இல்லை!

எதையாவது அழித்தாக வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் இறந்துபோன ஒருவரின் ஜாதகம் ஞாபகம் வந்தது. அழித்தேன். அழித்தது ஒரு கேபி. காலியானது முப்பத்திரண்டு கேபி. மீதி முப்பத்தொன்றில் யார் இருந்தார்கள்?

ஜெயாவின் ஜாதகம் இப்போது சட்டென்று ஏறிக்கொண்டது. காலியிடம் மறுபடியும் பூஜ்யம். செத்தவர் இடத்தில், துளி மிச்சமில்லாமல், அவள். நான் எதையும் தொடவில்லை. டிஸ்க் மட்டும் உள்ளே கரகரவென்று எதையோ தேடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் காலண்டர் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் மாமி, ஜெயா, அவள் அப்பா மூவரும் உள்ளே நுழைந்தபோது, நான் மானிட்டருக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னடா பண்ணிண்டிருக்கே?" என்றாள் மாமி.

எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். செத்தவர் இடம் என்றதும் ஜெயாவின் அப்பா முகம் இருண்டுவிட்டது. "வாம்மா, ஆத்துக்குப் போலாம்."

கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

ஜெயா அசையவில்லை. ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவள். "மொதல்ல கற்பூரத்தை அணைங்கோ" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டாள். அதிலிருந்த ஃபைல் மேனேஜரில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள் வந்தன. அளவு ஒன்று. நிஜத்தில் பிடித்திருக்கும் இடம் முப்பத்திரண்டு. செத்தவர்கள், இருப்பவர்கள், ஜெயா, நான், எல்லோருக்கும் அதே கணக்கு.

"இந்த டிஸ்க் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாத்தான் இடம் குடுக்கும். ஒருத்தர் வந்தாலும் முழு ரூம். ஆளுக்கு ஒரு ஃபைல்னு வெச்சா ரொம்பாம என்ன பண்ணும்?" என்றாள். மாமி என்னை முறைத்தாள். சட்டம் அவளுடையது என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் நான் சோபாவில் காலை நீட்டிப் படுத்தால் ஜெயா எங்கள் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டுவாள்: "பாருடி, உங்கப்பா ஒரு கேபி. அடைச்சுண்டிருக்கறது முப்பத்திரண்டு!" மீதி முப்பத்தொன்றும் வெறும் காலியிடம்தானாம். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கால்மாட்டில் ஒருதரம் பார்த்துக்கொள்வேன்.