ஊருக்கு ஒரு மூக்கு

மூக்கு எல்லோருக்கும் இருக்கிறது. மூச்சு விடவும், தடிமன் வந்தால் சீறவும், கண்ணாடி வழுக்கி விழாமல் இருக்கவும் நாங்கள் அதை வைத்திருக்கிறோம். ஆனால் அதை ஒரு பதவியாக வைத்திருக்கும் ஓர் இனம் உண்டு. இந்த இனத்தவர் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்க மாட்டார், மணந்து பார்ப்பார். கலியாண வீட்டில் பந்திக்கு முன்னமே சமையல் கொட்டிலுக்குள் நுழைந்து, சாம்பார்க் கிடாரத்தின் மூடியைத் திறக்கச் சொல்லி, "பெருங்காயம் பழசு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார். அதற்குப் பிறகு அந்தச் சாம்பாரை யார் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்? பசளை மூட்டையில் என்ன உரமென்று அச்சடித்திருப்பதை அவர் வாசிப்பதில்லை. வாசிப்பது மற்றவர்களின் வேலை. அவருக்கு மணமே சொல்லிவிடும்.

இவர்களைப் பத்துப் பேருக்குள் நின்றாலும் பிடிக்கலாம். மணப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றுவார்கள். ஏனென்று கேட்காதீர்கள், அவர்களிடமும் பதில் இல்லை. கண்ணை மூடுவார்கள். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்ப்பார்கள். ஒரு நெடிய மூச்சு உள்ளே போகும். அது வெளியே வரும்வரை சுற்றி நிற்கிறவர்கள் தங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு தீர்ப்பு. தீர்ப்புக்குப் பின்னால் முத்திரை குத்துவதுபோல ஒரு வசனம்: "மூக்கை ஏமாத்தேலாது."

படித்தவர்கள் இந்த இனத்தைப் புத்தகத்தில் தேடட்டும். நான் நேரே ஆளைக் காட்டுகிறேன். புத்தூர் அன்புராஜா. வயது எழுபத்திரண்டு. ஐந்தாம் வகுப்போடு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வெங்காயம் கிண்டக் கூலிக்குப் போய், கிண்டிய வெங்காயத்தைச் சைக்கிளில் கட்டிச் சாவகச்சேரிச் சந்தைக்கு மிதித்து, இன்றைக்கு முப்பது பரப்புச் செம்மண் காணிக்கும் இரண்டு கிணற்றுக்கும் சொந்தக்காரர். "இதிலை ஒரு பிடி மண்ணும் அப்பு தந்ததில்லை. எல்லாம் இந்த மூக்குத் தந்தது" என்பார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவருடைய மூக்கும் தலையாட்டத் தக்க அளவில்தான் இருக்கும்.

இனி ஓர் இரகசியம். அவருக்கும் மனைவி ஐரிஸுக்கும் மட்டும் தெரிந்தது, இப்போது உங்களுக்கும். கொரோனாவில் பதினான்கு நாள் அறைக்குள் கிடந்து எழும்பிய அன்புராஜாவுக்கு உயிர் திரும்பியது, ருசி பாதி திரும்பியது, மணம் திரும்பவே இல்லை. ஒருநாள் குசினி வாசலில் கதிரை போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று முழத் தூரத்தில் மீன்குழம்பு வற்றி, அடிப்பிடித்து, கரியாகி, சட்டி வெடித்த பிறகுதான் நிமிர்ந்தார். கிணற்றடியிலிருந்து ஓடிவந்த ஐரிஸ் சட்டியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்.

"இஞ்சரப்பா, உங்களுக்கு மணக்கேல்லையே?"

"தடிமன்," என்றார் அன்புராஜா.

நாலு வருடத் தடிமன்.

வேறொருவர் என்றால் பதவியை விட்டிருப்பார். இவர் முகத்தால் மணக்கப் பழகினார். முன்பு கழற்றிய கண்ணாடியை இப்போது போட்டுக்கொண்டு மணந்தார். முழுதாக மூடிய கண்ணை முக்கால்வாசி மூடினார். மீதிக் கால்வாசியில் சுற்றி நிற்கிறவர்களின் மூக்குநுனிகள் தெரியும். சுருங்கினால் கூடாது, சுருங்காவிட்டால் நல்லது. ஊர் தன் மூக்கால் மணந்ததை அவர் வாயால் கேட்டுச் சந்தோசப்பட்டது. மூக்கு வேலை செய்த காலத்திலாவது இரண்டொரு தீர்ப்பு பிழையாகிப் போனதுண்டு. வேலை செய்யாத காலத்தில் ஒன்றும் பிழையாகவில்லை. பேர் இன்னும் ஏறியது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பசளை வந்தது. வீட்டுக் கக்கூஸ் குழிகளிலிருந்து பவுசர் வண்டி உறிஞ்சிக்கொண்டு போவது பிரதேச சபையின் சுத்திகரிப்பு நிலையத்தில் மணல் பாத்திகளில் காய்ந்து, சந்தைக் குப்பையோடும் மரத்தூளோடும் கலந்து, கை வைக்க முடியாத சூட்டில் மாதக்கணக்கில் அவிந்து, அரித்தெடுக்கும்போது தேயிலைத்தூள் மாதிரி உதிரும். கீரைக்கும் கரட்டுக்கும் வேண்டாம், வாழைக்குத் தாராளமாகப் போடலாம் என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னார்.

சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் ஜெயந்தினி. குத்தகைக் காணியில் ஐந்நூறு வாழை வைத்திருப்பவள். வருடக்கணக்காய் யூரியா மட்டும் தின்று இறுகிப்போன மண். இறைத்த தண்ணீரை அன்றைக்கே விழுங்கிவிட்டு மறுநாள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நாற்பது வாழைக்கு மட்டும் அந்தப் பசளையைத் தாட்டுப் பார்த்தாள். அந்த நாற்பதின் அடி ஆறு நாள் ஈரமாய் இருந்தது. மண்வெட்டி போட்ட இடத்தில் மண்புழு நெளிந்தது. மிச்ச நானூற்றறுபதுக்கும் வேண்டுமென்றால் லொறியில் வர வேண்டும். கமக்காரர் சங்கம் கடிதம் கொடுத்தால்தான் லொறி வரும். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் போகாவிட்டால் அந்த லொறி பக்கத்து ஊரான அச்சுவேலிக்குத் திரும்பிவிடும். கோடையோ தலைக்கு மேல் நின்றது. இன்னொரு கோடைக்கு மூன்று நாளுக்கொருதரம் இறைக்க அவளால் ஏலாது. பசளை வராவிட்டால் காணியைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழி.

சங்கம் என்ன செய்தது? சங்கங்கள் எப்போதும் செய்வதைச் செய்தது. "அன்புராஜா அண்ணை மணந்து சொல்லட்டும்," என்றார் செயலாளர் லெனாட்.

ஞாயிறு ஆராதனை முடிந்து பதினைந்து பேர் அன்புராஜா வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழ் கூடினார்கள். ஜெயந்தினி ஸ்கூட்டியில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாள். போதனாசிரியர் தந்த பரிசோதனை அறிக்கையை லெனாட்டிடம் நீட்டினாள். லெனாட் அதை நாலாய் மடித்து விசிறிக்கொண்டார்.

"அவிழ் பிள்ளை," என்றார் அன்புராஜா, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு.

மூட்டை அவிழ்ந்தது. அதுவரை வீதிப் பக்கமிருந்து அடித்த காற்றும் அந்த நேரம் பார்த்துத் திரும்பி வீட்டுப் பின்பக்கமிருந்து அடித்தது. முக்கால் கண் மூடியிருந்த அன்புராஜா கண்டது என்ன? லெனாட்டின் மூக்கு ஒரு பக்கம் கோணியது. சங்கத்து உறுப்பினர் சீவரத்தினம் லேஞ்சியை எடுத்து மூக்கை வாயோடு சேர்த்துப் பொத்தினார். பின்வரிசையில் ஒருவர் காறித் துப்பினார். இவ்வளவு தெளிவான வழக்கை அவர் நாலு வருடத்தில் கண்டதில்லை.

"நாறுது."

"வயித்தைப் பிரட்டுது அண்ணை," என்றார் லெனாட்.

"உது இண்டைக்கு நேற்று வந்த நாத்தமில்லை. மூண்டு நாளைக்கு மூக்கிலை நிக்கும். கேள் பிள்ளை, மாட்டெரு எண்டால் மாடு ஆற்றை, எந்த வீட்டுது எண்டு தெரியும். ஆட்டெரு எண்டால் ஆடு தெரியும். உது ஆற்றை? என்னத்தைத் திண்டவன்? எந்த ஊரான்? ஆற்றை எண்டு தெரியாத சாமானை எங்கடை மண்ணிலை போடச் சொல்லுறியே?"

"உங்கடை மண்ணிலை இல்லை அங்கிள். என்ரை வாழைக்கு."

"மூக்கை ஏமாத்தேலாது பிள்ளை."

நாற்றம் வீட்டுப் பக்கமிருந்தல்லவா வருகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்னால் ஒரு மூட்டை வாய் திறந்து இருக்கும்போது யாராவது பின்னால் திரும்பிப் பார்ப்பார்களா? ஜெயந்தினி மட்டும் ஒரு பிடி அள்ளி மூக்கடியில் வைத்தாள். பிறகு கையை இறக்கிவிட்டு வெறும் காற்றை மணந்தாள். பிறகு வீட்டைப் பார்த்தாள்.

"கை கழுவிப்போட்டு வாறன்," என்று குசினிக்குப் பின்னால் போனாள்.

தோற்றவர்கள் கை கழுவத்தானே போவார்கள் என்று அன்புராஜா நினைத்துக்கொண்டார். ஆனால் அவள் திரும்பி வந்தபோது பின்னால் ஐரிஸும் வந்தார். மீன்குழம்பு எரிந்த அன்றைக்கு இருந்த அதே முகத்தோடு. ஜெயந்தினி அன்புராஜாவின் கதிரையடியில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கதைத்தாள்.

"அங்கிள், வீட்டுப் பின்கோடிக்குள்ளை உங்கடை கக்கூஸ் குழி பொங்கித் தோடை மரத்தடி வரைக்கும் வந்து நிக்குது. மூண்டு நாளாம். அன்ரி சொல்லச் சொல்ல, 'எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே' எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறியளாம்."

அன்புராஜா கணக்குப் பார்த்தார். முப்பது பரப்பும் இரண்டு கிணறும் எங்கேயும் போகாது. ஆனால் நாளைக்கு எந்தச் சமையற்காரன் அவருக்குக் கிடாரத்தின் மூடியைத் திறப்பான்? எந்தக் கடைக்காரன் மூட்டையை அவிழ்த்துவிட்டுக் கைகட்டி நிற்பான்? பதினைந்து பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து மூக்கும் வேலை செய்தன.

"இப்ப என்ன செய்யப் போறாய் பிள்ளை?" குரல் இறங்கிவிட்டது.

"நான் ஒண்டும் செய்யமாட்டன். மூட்டையைப் படலையடிக்குக் கொண்டு போறன். இன்னொருக்கா மணந்து பாருங்கோ." நிமிரப் போனவள் மறுபடி குனிந்தாள். "நான் பக்கத்திலைதான் நிப்பன். அன்ரி எல்லாம் சொன்னவ. என்ரை முகத்தைப் பார்த்தால் போதும்."

வாசல் படலையடியில் வீதிக்கு அப்பாலிருந்து தோட்டக் காற்று அடித்தது. பதினைந்து பேரும் வந்து வளைத்து நின்றார்கள். அன்புராஜா ஒரு சிட்டிகை எடுத்தார். தேய்த்தார். முக்கால் கண் மூடினார். மூக்குநுனி ஒன்றும் சுருங்கவில்லை. ஜெயந்தினியின் முகம் நற்கருணை எடுக்கப் போகிறவளின் முகம்போல இருந்தது.

"மழை விழுந்த செம்மண்," என்றார் அன்புராஜா.

லெனாட்டுக்குத் தலை சுற்றியது. "அப்ப முதல் நாறினது என்ன அண்ணை?"

"கட்டி வைச்ச மூட்டை. வாய் அவிழ்த்த உடனை உள்ளை கிடந்த ஆவி வெளிக்கிடும். காத்துப் பட்டால் ஆறிடும். உது புத்தகத்திலை இராது லெனாட். ஐஞ்சாம் வகுப்போடை நிண்டவனுக்குத்தான் தெரியும்."

"நானும் உதைத்தான் நினைச்சனான்," என்றார் லெனாட். மடித்து விசிறிய அறிக்கையை விரித்து, அதோடு வைத்து அனுப்பும் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை பவுசர் வந்தது. ஒழுங்கை முழுக்கக் கேட்கும் இரைச்சலோடு பின்கோடிக்குள் குழாயை விட்டு உறிஞ்சியது. அந்த வழியே வந்த ஜெயந்தினி ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

"ஆற்றையோ எண்டனீங்கள் அங்கிள். நாலைஞ்சு மாதத்தாலை வாற லொறியிலை உங்கடையும் வரும்."

நீங்களும் நானும் என்றால் வெட்கப்பட்டிருப்போம். இந்த இனத்துக்கும் வெட்கம் வரும். ஆனால் மூன்று நாள்தான் நிற்கும். நாலாம் நாள் அது பெருமையாகப் பழுத்துவிடும்.

லொறி வந்தது, மாதங்கள் கழித்து அடுத்த லொறியும் வந்தது. ஐந்நூறு வாழையும் குலை தள்ளின. ஆறு நாளுக்கொருதரம் இறைத்தால் போதும் என்று ஆனபோது ஜெயந்தினி குத்தகையை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டினாள். தேவாலயத்தில் அறுவடைத் திருநாள் வந்ததும் அவள் தன் முதற்பலனாக ஒரு கதலிக் குலையைக் கொண்டுவந்து வைத்தாள். நிமிர்த்தி வைத்தால் லெனாட்டின் நெஞ்சுக்கு வரும். ஆராதனை முடிய ஏலம் தொடங்கியது. ஏலம் கூறியவர் லெனாட். மூன்று பேர் மாறி மாறிக் கேட்டு ஏற்றினார்கள். அந்தத் தேவாலயத்தில் ஒரு குலைக்கு யாரும் கேட்டிராத விலையில் சீவரத்தினம் நின்றார்.

நின்றவர் சும்மா நின்றிருக்கலாம். "உந்தப் பசளைக்கோ பிள்ளை, உப்பிடிக் காய்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

அன்புராஜா எழும்பினார்.

"அதை என்னட்டைக் கேள். உந்தக் குலை சும்மா வரேல்லை. உதிலை எங்கடை வீட்டுச் சாமானும் இருக்கு. கலப்படமில்லாத சாப்பாடு கண்டியோ. குரக்கன் புட்டு, ஒடியல் கூழ், ஐரிஸ் கையாலை இடிச்ச தூள். பட்டணத்தான்ரை சாமானுக்கு உப்பிடிக் காய் பிடிக்குமே? கிட்ட வந்து மணந்து பாருங்கோ. அந்தக் குரக்கன் வாசம் இப்பவும் நிக்குது."

ஒருவரும் கிட்ட வரவில்லை. சீவரத்தினம் தான் விலையே கேட்கவில்லை என்றார். மற்ற இருவருக்கும் வீட்டில் அவசர வேலை இருந்தது. பசளை எதுவென்று ஊருக்கு முதலே தெரியும்; அதே கதலியைச் சந்தையில் வாங்கி உரித்துத் தின்ற ஊர்தான். ஆற்றை என்று தெரியாதவரை நன்றாகத்தான் இனித்தது. ஆற்றை என்று தெரிந்ததும் ஏலம் நின்றது.

"ஒருதரம்," என்றார் லெனாட், பாவம். "ரண்டுதரம்."

ஜெயந்தினி படலையடியில் நின்ற மாதிரியே நின்று அன்புராஜாவைப் பார்த்தாள். முகம் வாசித்து நாலு வருடம் பிழைத்தவர் அல்லவா? அந்த முகத்தில் எழுதியிருந்தது அவருக்கு ஓர் எழுத்து விடாமல் விளங்கியது. கையை உயர்த்தினார்.

"நான் எடுக்கிறன். சீவரத்தினம் கேட்டதுக்கு மேலாலை."

அவ்வளவு பெரிய குலையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்து வந்தார். முற்றத்தில் இறக்கி, ஒரு சீப்பில் மூக்கை வைத்து, முழுதாகக் கண்ணை மூடினார். பார்க்க அங்கே வேறு முகம் இல்லை.

"வாசத்தைப் பார் ஐரிஸ்."

ஐரிஸ் குலையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "தடிமன் மாறிட்டுதே?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார்.

சிரியுங்கள். புத்தூரிலும் எல்லோரும் சிரித்தார்கள், லெனாட் உட்பட. ஆனால் ஒன்று கேட்கிறேன். இதை வாசித்துக்கொண்டு வரும்போது, மூட்டை அவிழ்ந்த இடத்திலோ பவுசர் உறிஞ்சிய இடத்திலோ, உங்கள் மூக்குநுனி ஒருதரம் சுருங்கியதா, இல்லையா? கடதாசிக்கு ஏது மணம்?