ஜெர்மனியிலிருந்து வந்த நீலம்

"கஸ்பார், இது கல்லீரலா, ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீமா?"

டாக்டர் பெர்ரோன் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

நோயாளியின் திசுவை மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றித் தருவது கஸ்பாரின் வேலை. செல்லின் கருவுக்கு நீலம், மற்றதற்கெல்லாம் ரோஜா. ரோஜா குடம் குடமாக இருந்தது. நீலம்தான் ஜாடியின் அடியில் நாலு ஸ்பூன் கிடந்தது.

"கரு எங்கய்யா?"

"உள்ளதான் இருக்கும் டாக்டரம்மா. நீலம் இல்லாததால தெரியலை."

"வெள்ளிக்கிழமை தலைநகர்லேர்ந்து இன்ஸ்பெக்டர் வர்றார். இந்த லட்சணத்தைப் பாத்தார்னா லேபை மூடி மெரிதாவுக்கு மாத்திடுவார். உன்னையும் சேத்து."

மெரிதா! காம்பெச்சே என்ற இந்த ஊர்க்காரனை ஃபார்மலின் குடிக்கச் சொன்னால்கூட எவ்வளவு என்று கேட்பான். மெரிதாக்காரனிடம் கைகட்டி நிற்கச் சொன்னால் தாங்கமாட்டான். போதாக்குறைக்கு அந்த ஊர் லேபின் தலைவன் கஸ்பாரின் சொந்த மச்சான் எவேலியோ.

கொள்முதல் பிரிவுக்கு ஓடினான். பின்வாசலில், போன மாதப் புயலில் சாய்ந்த மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. தினமும் போல இன்றும் இடறி அதன்மேலேயே விழுந்தான். அந்த ஈரக்கட்டையின் கறை எத்தனை துவைத்தாலும் போகாது. இது நாலாவது பேண்ட்.

"இந்தச் சனியனைத் தூக்கிப் போட ஊர்ல ஆளே இல்லையா?"

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும் தம்பி. நீங்க கீழ பாத்து நடங்க" என்றார் நெல்பாக்கா. லேபைப் பெருக்கித் துடைப்பவர் அவர்தான். மிச்ச நேரத்தில் வலை ஊஞ்சல் பின்னி ஆஸ்பத்திரிக்காரர்கள் தலையிலேயே கட்டுவார்.

கொள்முதல் நெரேயோ சோள அடையை மென்றுகொண்டிருந்தான்.

"என் நீலம் எங்கடா?"

"ஜெர்மனியிலேர்ந்து எப்பவோ கெளம்பிருச்சு. வேரக்ரூஸ் துறைமுகத்துல நிக்குது."

"எப்ப வரும்?"

"வர்றப்ப வரும்."

"வாசல்ல கெடக்குற கட்டை?"

"அதுக்கு மூணு நகல்ல மனு குடு."

செவ்வாய்க்கிழமை கஸ்பார் இருந்த நீலத்தில் தண்ணீர் சேர்த்தான்.

"செத்த எலி கலர்ல இருக்கு" என்றார் டாக்டர்.

புதன்கிழமை அதைச் சூடாக்கி வற்றவைத்தான். ஸ்லைடு முழுக்கக் கரும்புள்ளி.

"நோயாளி மேல மிளகு தூவினியா?"

வேறு வழியில்லை. மெரிதாவுக்குப் போன் போட்டான்.

"தர்றேன் மச்சான். மெரிதான்னா மெரிதாதான்னு ஒரு தடவை சொல்லு" என்றான் எவேலியோ.

சொன்னான்.

"கேக்கலை, சத்தமா!"

சத்தமாகவே சொன்னான். வியாழன் காலை பஸ்ஸில் பாட்டில் வந்தது. ஜாடியில் முழுசாகக் கவிழ்த்த பிறகுதான் லேபிளைப் பார்த்தான். காலாவதியாகி ஐந்து வருஷம். ஸ்லைடுகள் சேற்றில் புரண்டு எழுந்த மாதிரி வந்தன. டாக்டர் ஸ்லைடைத் தள்ளி வைத்துவிட்டு, மெரிதா பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் வந்தது. நெரேயோ.

"பார்சல் வந்துருச்சு! நெல்பாக்கா கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்க."

வெள்ளிக்கிழமை காலையில் ஓடிவந்து பார்த்தால், ஜாடி பளபளவென்று கழுவப்பட்டு, விளிம்பு வரை கருநீலமாக நிறைந்திருந்தது. நெல்பாக்காவே பாட்டிலை ஊற்றி வைத்துவிட்டார் போலிருக்கிறது. மகராசி! ஸ்லைடுகளை முக்கி எடுத்தான். ஒவ்வொரு கருவும் பேனாவால் வரைந்த மாதிரி நின்றது. கஸ்பாருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் பத்து நிமிஷம் மைக்ரோஸ்கோப்பை விட்டு நகரவில்லை.

"இப்படி ஒரு நீலத்தை இருபது வருஷத்துல நான் பாத்ததில்ல. என்ன சாயம்?"

"ஜெர்மன் சரக்கு சார்" என்றான் கஸ்பார் நெஞ்சை நிமிர்த்தி. "அவன்கிட்ட ஒழுங்கு இருக்கு, சுத்தம் இருக்கு. நம்மூர்ல என்ன சார் இருக்கு? வாசல்ல ஒரு கட்டை கெடக்கு. அதைத் தூக்கிப் போட ஒரு மாசமா நாதியில்ல."

"லேப் இங்கயே இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை. மாசாமாசம் ஸ்லைடு அனுப்பணும், இதே நீலத்துல. நிறம் ஒரு துளி மாறினாலும் மெரிதாதான்."

"மாறவே மாறாது சார்!"

டாக்டர் பெர்ரோன் முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தார். அதோடு இன்ஸ்பெக்டர் நகராட்சிக்கும் ஒரு போன் போட்டார். தலைநகர்க் குரல் என்பதால் அரைமணியில் லாரி வந்தது. கட்டையும் போனது, இன்ஸ்பெக்டரும் போனார். ஒரு மாதத்தில் முதல்முறையாகக் கஸ்பார் பின்வாசலில் நிமிர்ந்து நடந்து பார்த்தான்.

அப்போதுதான் நெல்பாக்கா மூச்சிரைக்க வந்து, முத்திரை உடைக்காத ஜெர்மன் பார்சலை அவன் கையில் வைத்தார்.

"நேத்தே குடுக்க மறந்துட்டேன் தம்பி. தொடைக்கிறப்ப உங்க ஜாடி வேற கவுந்துருச்சு, திட்டுவீங்களேன்னு ஊஞ்சல் நூலுக்குக் காய்ச்சி வச்சிருந்த சாயத்தை ஊத்தி வச்சேன். மறுபடி காய்ச்சலாம்னா, நான் செதுக்கிச் செதுக்கி எடுத்துக்கிட்டிருந்த கட்டையை எவனோ லாரியில ஏத்திட்டுப் போறானே!"