மெட்ராஸுக்குப் போன பால் கணக்கு

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துவிடும். எனக்கு நேர்மாறு. புரியாததற்கும் தலையாட்டிவிட்டுப் பேசிக்கொண்டே போவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீசில் கம்ப்யூட்டரைத் தொட அனுமதி உள்ள ஒரே ஆள் (அதற்குத் துணி போட்டு மூடுவதும் நான்தான்).

மரம் வெட்டுகிறவர்கள் பட்டையைச் சீவி இறக்கிக் கொண்டுவரும் ரப்பர் பாலைக் கணக்கு வைக்க ஒரு புரோகிராம் வேண்டும் என்றார் மானேஜர் வோங். கோலாலம்பூரில் அதை எழுதத் தெரிந்தவர்களெல்லாம் பேங்க் வேலையில் மும்முரமாக இருந்தார்கள்.

"மெட்ராஸில் கெட்டிக்காரப் பையன்கள் நிறைய இருக்கிறார்களாம். செலவும் குறைவு. நீயும் தமிழ், அவர்களும் தமிழ். பேசிவிடு" என்றார்.

அப்பா அதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். நான் சொதப்பினால் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மெட்ராஸுக்குப் போன் போட்டேன். கரகரத்த லைனில் பாஸ்கர் என்பவர் கேட்டார்:

"காலையில என்ன சார் நடக்கும்?"

"விடியக்காலம் பால் எடுப்பாங்க. கொட்டாய்க்குக் கொண்டாந்து நிறுப்போம்லா."

"தண்ணி கலப்பாங்களா?"

"கலப்பாங்க. அதையும் கண்டுபிடிக்கணும்."

"புரிஞ்சிடுச்சு சார், விடுங்க."

இவ்வளவு சுலபமா என்று எனக்கே சந்தேகம். கேட்கப் பயந்து வைத்துவிட்டேன்.

புரோகிராம் டிஸ்க் வந்த அன்றைக்கே சிரம்பான் தலைமை ஆபீசிலிருந்து, நாங்கள் 'துவான்' என்று அழைக்கும் பெரிய துரையும் வந்துவிட்டார். அவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்க, கம்ப்யூட்டர் முதலில் பெயர் கேட்டது. பதற்றத்தில் வாயில் வந்த பெயரைத் தட்டினேன்: முனியம்மா. எங்கள் தோட்டத்திலேயே மரம் வெட்டும் என் சொந்த அத்தை.

அடுத்து ஆங்கிலத்தில் 'பிரீட்', அதாவது என்ன இனம் என்றது. நம் நாட்டில் எந்தப் படிவத்திலும் இனம் கேட்பார்கள். மெட்ராஸ்காரர்களுக்கு அதுகூடத் தெரிந்திருக்கிறதே என்று நெகிழ்ந்துபோய், 'இந்தியர்' என்று தட்டினேன்.

மூன்றாவது கேள்வி: கடைசியாகக் கன்று போட்ட தேதி?

துரை குனிந்து, நிதானமாகப் படித்தார்.

"முனியம்மா யார்?"

"என் அத்தை, துவான்."

"மாடா?"

"இல்லை, துவான்."

வோங் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது, வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். துரை போனைக் காட்டினார். பாஸ்கரைக் கூப்பிட்டேன்.

"எங்க ஊர்ல பால்னா மாடுதானே சார்" என்றார் பாவம்.

நான் அதைச் சொன்னதும் துரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "கெட்டிக்காரன்தான். நீ சொன்னதைத்தான் செய்திருக்கிறான். வோங், இவனை அங்கேயே அனுப்புங்கள், ரப்பர் மரத்தின் படத்தோடு" என்றார்.

அப்படித்தான் நான் மெட்ராஸ் போனேன். இரு ஊருக்கும் நடுவில் நின்று விளக்கிச் சொல்வதே பிறகு என் பிழைப்பாகிவிட்டது.

அத்தை இப்போது சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் இருக்கிறார். எந்த விசேஷத்திலும் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துவது அவர்தான்:

"இவன் என் மருமகன், கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு. என்னைய மாடுன்னு எழுதினான்லா. எழுதினது பரவால்ல, நல்ல சாதி மாடுன்னாச்சும் போட்டிருக்கலாம்."